கடலுக்கு இடுப்பளவு

கடலுக்கு இடுப்பளவு எடுத்த ஆள் இந்தப் பூலோகத்தில் ஒருத்தர்தான். திருப்பூர் வசந்தாமணி. எடுத்தது சாதாரண இஞ்ச் டேப்பால். எடுத்த இடம் அவருடைய சொந்த பனியன் கம்பெனி, கட்டிங் டேபிளுக்கும் அயர்ன் டேபிளுக்கும் நடுவில். கடல் அப்போது ஸ்டூல் மேல் ஏறி நின்றிருந்தது. கையை அகட்டச் சொன்னதும் இரண்டு அலைகளை அகட்டி வைத்துக்கொண்டது.

ஊரே இதை நம்பியது. நம்பாதவர் ஒரே ஒருவர். அவர் வசந்தாமணியின் சம்பந்தி பொங்கியண்ணன். வசந்தாமணி தன் மகளை அவர் மகனுக்குத்தான் கொடுத்திருந்தார். பொங்கியண்ணன் மின்வாரியத்தில் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தபோது மீட்டரைப் பார்த்துவிட்டு, மீட்டரிடமே “நெசமாலுமா?” என்று கேட்பாராம். ஓய்வுக்குப் பிறகு கேட்க மீட்டர் இல்லை. அதனால் தினமும் காலையில் சம்பந்தியம்மாள் கம்பெனிக்கு வந்து, வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, வருவோர் போவோரை நம்பாமல் இருந்தார்.

திருப்பூரில் எதைத் தைத்தாலும் அது பனியன் கம்பெனிதான். வசந்தாமணியின் கம்பெனி பனியன் தைத்து வெகுகாலம் ஆகிறது. இப்போது தைப்பது அரை டிரவுசர். கடலில் பலகையைப் போட்டு அதன்மேல் நின்று அலையில் சறுக்குகிறார்களே, அவர்கள் போடுகிற டிரவுசர். வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்குச் செருப்புப் போட்ட மீன் அடையாளம். செருப்புமீன் என்றால் எல்லோருக்கும் புரியும்.

செருப்புமீன்காரர்கள் நல்லவர்கள். சுற்றுச்சூழல்மேல் அவர்களுக்கு இருந்த பொறுப்பு வருடத்துக்கு வருடம் வளர்ந்துகொண்டே வந்தது. ஒரு வருடம் பிளாஸ்டிக் பை கூடாது என்றார்கள். அடுத்த வருடம் விலைச்சீட்டை மண்ணில் புதைத்தால் தக்காளி முளைக்க வேண்டும் என்றார்கள். முளைத்தது. அதற்கடுத்த வருடம், அயர்ன் பண்ணும்போது எழுந்த ஆவி இப்போது எங்கே இருக்கிறது, சௌக்கியமாக இருக்கிறதா என்று விசாரித்தார்கள். வசந்தாமணி விசாரித்துச் சொன்னார். ஊட்டிப் பக்கம் நன்றாக இருந்தது.

இந்த வருடம் போன் வந்தது. பேசியது செருப்புமீன் கம்பெனி அம்மாள். தமிழில் பேசினார். அதுவரை அவருக்குத் தமிழ் தெரியாது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“உங்கள் டிரவுசரை முதலில் யார் போடுகிறார்?”

“காசு குடுத்து வாங்கறவங்கதானுங்க.”

“கடைசியில்?”

வசந்தாமணி யோசித்தார். “எல்லாத் துணியும் சுத்திச் சுத்திக் கடைசில கடலுக்குத்தான் போகுதுன்னு போன வருசம் நீங்கதானுங்க சொன்னீங்க.”

“ஆக, கடைசியாகப் போடுவது கடல். கடலுக்குப் போட்டுப் பார்த்தீர்களா?”

ஏற்றுமதியில் ஒரு வழக்கம் உண்டு. சரக்கு கப்பலேறும் முன் ஒரு பீஸை எடுத்து, போடப்போகிறவர் அளவுள்ள ஆளுக்கு மாட்டிப் பார்ப்பார்கள். பொருத்தமாக இருந்தால் ‘ஃபிட் ஓகே’ என்பார்கள். அந்த இரண்டு வார்த்தை விழாமல் ஒரு பெட்டியும் நகராது. வசந்தாமணி இத்தனை வருடத்தில் எல்லா அளவு ஆளுக்கும் மாட்டிப் பார்த்திருக்கிறார். கடலை விட்டுவிட்டார். தப்புதான்.

“ஓகே வாங்கலீன்னா என்னாகுங்க?”

“சரக்கு முழுவதையும் அரைத்துப் பஞ்சாக்க வேண்டும். கப்பல் நாளை மாலை தூத்துக்குடியில் கிளம்புகிறது. இன்னொன்று. நம்புகிறவர்களின் சாட்சி செல்லாது. நம்பாத ஒருவர் கூடவே இருக்க வேண்டும். முடிவில் அவர் வாயிலிருந்து ஆமாம் என்று வர வேண்டும்.”

போன் வைக்கப்பட்டது. சரக்கு பஞ்சானால் கம்பெனி சட்டர் இறங்கும். இறங்கினால் மறுபடி ஏறாது. மெஷின்களில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தையலை நிறுத்தினார்கள். வசந்தாமணியால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. துணியைப் பார்த்தார்.

தைக்கிறவர்களுக்குத் துணி மடித்துக் கொடுக்கும் சரசுதான் முதலில் வாயைத் திறந்தாள். “கடலுக்குச் சொல்லி உடறது ஒண்ணும் கஷ்டமில்லீங்க்கா. எங்க சித்தி ஊட்டுக்காரரு வேளாங்கண்ணி பஸ்ஸுல கண்டக்டரு. அவருகிட்டச் சொன்னா, கையோட கூட்டியாந்துருவாரு.”

“நம்பாத ஆளுக்கு எங்கடி போறது?” என்றார் வசந்தாமணி.

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள்.

“என்னை எதுக்குப் பாக்கறீங்க?” என்றார் பொங்கியண்ணன். “நீங்க என்னைத்தான் பாக்கறீங்கன்னு நான் நம்பல.”

ஆள் கிடைத்துவிட்டது.

மறுநாள் காலையில் கடல் வந்தது. முழுக் கடலும் வந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்ததாகவும், பல்லடம் தாண்டியதும் லேசாகத் தலை சுற்றியதாகவும் சொன்னது. பார்க்கக் கடல் மாதிரியே இருந்தது. வாசலில் நுரையைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தது.

வீட்டுக்கு ஒறம்பரை என்று யார் வந்தாலும் முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும். கடலுக்குத் தண்ணீர் கொடுப்பதா என்று வசந்தாமணி ஒரு நிமிடம் தயங்கினார். கொடுக்காமல் இருப்பது மரியாதை இல்லை. சொம்பில் கொண்டுவந்து நீட்டினார். கடல் அண்ணாந்து, சிந்தாமல் குடித்தது.

“நல்லா இனிக்குது,” என்றது. “எங்கேருந்து வருது?”

“மலைத் தண்ணிங்க. குழாயில வருது.”

“எங்கிட்ட இது வர்றதே இல்லையே. முன்னாடி ஆத்து வழியா வந்துகிட்டு இருந்துச்சு. அப்புறம் சாயம் கலந்து சிவப்பா வந்துச்சு. அப்புறம் ஊதாவா. அப்புறம் ஒண்ணையும் காணோம்.”

வசந்தாமணி சொம்பை வாங்கி மறுபடி நிரப்பினார். கடல் அதையும் குடித்தது.

பொங்கியண்ணன் எட்டிப் பார்த்தார். “ஏனுங் சம்பந்தி, இது கடலுங்களா?”

“ஆமாங்.”

“எனக்கென்னமோ ஏதோ ஏரின்னு தோணுது. நல்லாத் தண்ணி புடிச்ச ஏரி.” விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். “உப்பு இருக்குது. உப்பு யாரு வேணும்னாலும் போடலாம்.”

தரையில் கிடந்த சிப்பிகளை வசந்தாமணி காட்டினார்.

“கோழிப்பண்ணைக்காரங்க தீனிக்குக் கலக்கறாங்களே, அந்தச் சிப்பி. மூட்டையில ஓட்டை உழுந்திருக்கும்.”

இவரை விட்டால் இப்படியொரு ஆள் கிடைக்கமாட்டார் என்று வசந்தாமணி மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டார். டேப்பின் தொடக்க முனையை அவர் கையில் கொடுத்தார்.

“நான் வர்ற வரைக்கும் உட்றாதீங்க, சம்பந்தி.”

“நான் ஒண்ணும் நம்பலீங். ஆனா புடிக்கறன்.”

கடல் ஸ்டூலில் ஏறியது. ஒரு தொல்லை இருந்தது. அலை உள்ளே போனால் இடுப்பு குறைந்தது, வெளியே வந்தால் கூடியது.

“சித்த நேரம் மூச்சப் புடிச்சுக்குங்க,” என்றார் வசந்தாமணி.

கடல் மூச்சைப் பிடித்துக்கொண்டது. உலகத்துக் கரைகளில் எல்லாம் அன்றைக்குக் காலையில் அலை நின்றதாகவும், சறுக்க வந்தவர்கள் பலகையைக் கையில் பிடித்தபடி வரிசையாக நின்றதாகவும் பிற்பாடு தெரிந்தது.

“எங்க ஊட்டுக்காரருக்குக்கூட இத்தனை நுணுக்கமா அளவு பாத்ததில்லீங்க்கா,” என்றாள் சரசு.

“உன்ற ஊட்டுக்காரரு மூச்சப் புடிச்சா உட்றதுக்கு மறந்துருவாரு,” என்றது யாரோ ஓவர்லாக் மெஷின் பக்கமிருந்து.

வசந்தாமணி கடலைச் சுற்றி நடந்தார். டேப் போதவில்லை. பக்கத்துக் கம்பெனிகள் எல்லாம் தங்கள் டேப்பைக் கழற்றி அனுப்பின. ஊக்குக் குத்திச் சேர்த்துக்கொண்டே போனார். அயர்ன் டேபிளைத் தாண்டித் திரும்பினால் சுவர் வர வேண்டும். வரவில்லை. கட்டடம் முன்பிருந்தே கொஞ்சம் நீளமானதுதான். அன்றைக்கு இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தது. தென்னை வந்தது. பனை வந்தது. பெயர் தெரியாத மரங்கள் வந்தன. அவற்றின் அடியில் உட்கார்ந்திருந்தவர்கள் டேப்பைப் பார்த்து வழிவிட்டார்கள். வழிவிட்ட ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார். நன்றி சொல்வதில் வசந்தாமணிக்குக் கை தாராளம். சாயங்காலம் மெஷினை அணைக்கும்போது மெஷினுக்கே சொல்கிறவர்.

பாதி தூரத்தில் ஓர் ஆமை நின்றிருந்தது. டிரவுசர் போட்டிருந்தது.

வசந்தாமணி நின்றார். அது டிரவுசர்தான், ஆனால் துணி இல்லை. துணி எல்லாம் எப்போதோ மக்கிக் கரைந்துவிட்டது. தையல் மட்டும் இருந்தது. இடுப்புத் தையல், பக்கத் தையல், கால் மடிப்பு, பாக்கெட் ஓரம். காற்றில் கோடு போட்டு வரைந்த மாதிரி ஒரு முழு டிரவுசர். இரட்டை ஊசித் தையல். ஓர் இடத்தில்கூட விடவில்லை.

எந்த மெஷின் அடித்த தையல் என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அவருடைய கம்பெனி மெஷின்தான்.

முதலில் பெருமையாக இருந்தது. இத்தனை வருடம் தாங்கியிருக்கிறது.

“இது அவுறவே மாட்டேங்குது,” என்றது ஆமை.

“நல்ல நூலுங்க. பாலியஸ்டரு.”

“தெரியுது.”

ஆமையின் இடுப்பைப் பார்த்தார். ஆமை வளர்ந்திருந்தது. தையல் வளரவில்லை. ஓட்டின் நடுவில் நூல் இறங்கி, ஓடு எட்டு என்ற எண் மாதிரி ஒடுங்கியிருந்தது.

பெருமை போய்விட்டது. கழுத்தில் தொங்கிய நூல் வெட்டும் கத்திரியை எடுத்தார். முட்டிபோட்டு உட்கார்ந்து, இடுப்பில் தொடங்கி ஒவ்வொரு தையலாக வெட்டினார். நல்ல தையல். வெட்டுவதற்கு நேரம் பிடித்தது. கடைசித் தையல் விட்டதும் ஆமை ஒரு பெருமூச்சு விட்டது.

“நெம்ப நன்றிங்க,” என்றது. அது திருப்பூர்ப் பேச்சை எங்கே கற்றுக்கொண்டதென்று தெரியவில்லை. டிரவுசரிடமிருந்துதான் கற்றிருக்க வேண்டும்.

“எனக்கு எதுக்குங்க நன்றி?” என்றார் வசந்தாமணி. வெட்டிய நூலைச் சுருட்டி முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தார்.

பின்வாசல் வழியாக அவர் உள்ளே வந்தபோது உச்சிப்பொழுது. முகம் கறுத்திருந்தது. செருப்பு தேய்ந்து வார் மட்டும் மிச்சமிருந்தது. பொங்கியண்ணன் டேப் முனையை விடாமல் அதே இடத்தில் நின்றிருந்தார்.

“டேப்பு நனைஞ்சிருக்குதுங்களே,” என்றார் வசந்தாமணி.

“குழாயடியில புடிச்சு நனைச்சிருப்பீங்க,” என்றார் அவர்.

கடல் மூச்சை விட்டது. நூல்கண்டுகள் எல்லாம் உருண்டு ஓடின. ஸ்டூலை விட்டு இறங்கி, தைத்து வைத்திருந்த டிரவுசர் ஒன்றை எடுத்துப் பார்த்தது.

“அளவு எப்படி இருந்தாலும் பரவால்ல,” என்றது. “நான் ஓகே சொல்லிடறேன். இத்தனை காலத்துல எல்லாரும் எம்மேல எதையாவது போட்டுட்டுத்தான் போயிருக்காங்க. உனக்கு என்ன அளவுன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. நீங்க சுத்தி நடந்து வந்து கேட்டீங்க. அதுக்கே சொல்லலாம்.”

பெண்கள் முகத்தில் சிரிப்பு வந்தது. சரசு பேக்கிங் டேப்பைக் கையில் எடுத்தாள். அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டால் போதும். சட்டர் இறங்காது.

“வேண்டாமுங்க,” என்றார் வசந்தாமணி.

சரசு பேக்கிங் டேப்பைக் கீழே வைத்தாள்.

“துணி பருத்தி. அது கரைஞ்சு போயிரும். நூல் கரையாதுங்க. பாதி வழியில பாத்துட்டு வந்துட்டேன். பாத்துட்டு எப்படிங்க ஓகே வாங்கறது? எல்லாத்தையும் பிரிச்சுப் பருத்தி நூல்ல தைக்கோணும். அப்புறமா மாட்டிப் பாருங்க. புடிக்கலீன்னா புடிக்கலீன்னு சொல்லுங்க.”

“அக்கா, கப்பலு?” என்றாள் சரசு. “பொழுதோட கிளம்பீருமே. அத்தனை பெட்டியும் பிரிச்சுத் தைக்க மாசக்கணக்கா ஆகுமுங்க்கா.”

வசந்தாமணி எது போனாலும் போகட்டும் என்று கத்திரியை எடுத்து முதல் பெட்டியைப் பிரித்தார்.

கடல் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தது. பிறகு பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தது.

“கப்பல் எது மேல போகணும்?” என்று கேட்டது.

“உங்க மேலதானுங்க.”

“நான் எங்க இருக்கேன்?”

எல்லோரும் பெஞ்சைப் பார்த்தார்கள். தூத்துக்குடியில் அந்நேரம் கப்பல் மணல்மேல் நிமிர்ந்து நின்றிருந்தது. கேப்டன் கீழே இறங்கி அதைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்.

“அவசரமில்ல,” என்றது கடல். “பொறுமையாத் தைங்க. மோர் இருந்தா குடுங்க. உப்பு போடாதீங்க.”

பருத்தி நூல் கோன் கோனாக வந்து இறங்கியது. திருப்பூரில் நூலுக்கா பஞ்சம்? பெண்கள் பிரித்தார்கள், தைத்தார்கள், பாடினார்கள், சண்டை போட்டுக்கொண்டார்கள். எவ்வளவு காலம் ஆனது என்று சொல்ல முடியாது. பொழுது தாழ்ந்து நின்றது, ஆனால் இறங்கவில்லை. சூரியன் அஸ்தமிக்க மேற்கே அரபிக்கடலைத் தேடியது. அதுவும் இங்கேதான் மோர் குடித்துக்கொண்டிருந்தது.

கடைசி பீஸ் முடிந்ததும் வசந்தாமணி அதை இரண்டு கையாலும் நீட்டினார். கடல் வாங்கிப் போட்டுக்கொண்டது. எல் சைஸ். கச்சிதமாக இருந்தது. அத்தனை டேப்பும் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். துணி மெல்ல நைந்தது. அதோடு தையலும் நைந்தது. பக்கம் விட்டது, மடிப்பு விட்டது, இடுப்பு விட்டது. சத்தமில்லாமல் டிரவுசர் முழுக்கக் கடலுக்குள் போய்விட்டது. மிச்சம் ஒன்றுமில்லை.

“இது நல்லா இருக்கு,” என்றது கடல். “கழட்ட வேண்டிய வேலையே இல்ல.”

“ஏனுங்,” என்றார் பொங்கியண்ணன், “மனுசன் மாட்டிக்கிட்டுத் தண்ணிக்குள்ள எறங்கும்போது இப்படிக் கரைஞ்சு போனா அவன் கதி?”

“ஆள் உள்ள இருக்கிற வரைக்கும் தொடமாட்டேன். விட்டுட்டுப் போனாத்தான் எடுத்துக்குவேன்.”

“அப்படீன்னு நீங்க சொல்றீங்க.”

“ஆமா. நான் சொல்றேன்,” என்றது கடல். வசந்தாமணியிடம் திரும்பி, “ஃபிட் ஓகே,” என்றது.

அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தது போல போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்கள்.

“கடல் வந்ததா?” என்றார் செருப்புமீன் அம்மாள்.

“வந்துச்சுங்க!” என்றார்கள் அத்தனை பெண்களும்.

“நீங்கள் நம்புகிறவர்கள். செல்லாது. நம்பாதவர் இருக்கிறாரா?”

“இருக்கறனுங்,” என்றார் பொங்கியண்ணன்.

“கடல் வந்ததா?”

பொங்கியண்ணன் தொண்டையைக் கனைத்தார். “ஒரு ஒறம்பரை வந்தாங்க, அம்மிணி. கொஞ்சம் ஈரமாத்தான் இருந்தாங்க. மோரு குடிச்சாங்க. அதுக்கு மேல சொல்லறதுக்கு எனக்கு வாய் வரலீங்.”

சரசு தலையில் கை வைத்தாள். 

“சம்பந்தி,” என்றார் வசந்தாமணி. குரல் இறங்கியிருந்தாலும் நிதானமாக இருந்தது. “உங்களுக்குத் தோணாததைச் சொல்லாதீங்க. எங்களுக்காகன்னு ஒரு வார்த்தை சேத்துச் சொல்ல வேண்டாம். காலையில இருந்து நின்னு டேப்பு புடிச்சீங்க. அதுவே பெருசு. நான் மறக்கமாட்டேன்.”

பொங்கியண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இந்த நன்றியையும் அவர் நம்பவில்லை. ஆனால் எந்தப் பக்கமிருந்து சந்தேகப்படுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

கடல் எழுந்தது. போகும்போது பெரியவர்களிடம் சொல்லிக்கொண்டு போவதுதான் முறை. பொங்கியண்ணன் நின்ற இடத்துக்கு வந்து, அவர் பாதத்தைத் தொட்டுவிட்டுப் பின்வாங்கியது.

அவர் குதிகாலுக்கு அடியில் தரை நழுவியது.

“அட!” என்றார். சிமெண்டுத் தரை. அது மணலைப் போல அரித்துக்கொண்டு கடலோடு போனது. “அன்னிக்கே சொன்னனுங், சம்பந்தி. இந்தத் தரைக்குக் கலவை சரியில்ல.”

கடல் மறுபடி வந்தது. இந்த முறை கணுக்கால் வரை. பின்வாங்கியபோது இரண்டு பாதமும் குழிக்குள் இறங்கின. பொங்கியண்ணன் ஒரு கையால் வசந்தாமணியின் தோளைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கை தானாகப் போய் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கியது. ஏரிக்கு யாரும் அப்படித் தூக்குவதில்லை. அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது. சிரிப்பு வரப்பார்க்கிற வாய்.

“இன்னொருக்கா வருமுங்களா?” என்று கேட்டார்.

வந்தது.

போனில் அந்த அம்மாள் இன்னும் காத்திருந்தார். “ஐயா, இருக்கிறீர்களா? கடல் வந்ததா, இல்லையா?”

“வந்துச்சுங்க, அம்மிணி,” என்றார் பொங்கியண்ணன். “கடலேதானுங்க. இப்பத்தான் என்ற காலுக்கடியில இருந்த திருப்பூர்ல கொஞ்சத்தை எடுத்துக்கிட்டுப் போகுது.”